செப்பு முலாமிடுகையில் மின்வழங்கியின் குறையறியும் முறை

பித்தளைப் பாத்திரத்திற்கு வீட்டிலேயே செப்பு முலாம் பூச முற்படுவோர், முலாம் படியாவிடில் முதற்கண் மின்வழங்கியையே குறை கூறுவர். அதனை உடனே பிரித்துப் பார்ப்பாரும் உளர். மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பாரும் உளர். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது முலாமைக் கெடுக்கும். குறை இருப்பது வழங்கியிலா, தொட்டியிலா என்று முதலில் பிரித்தறிதலே முறையாகும்.

இம்முலாமிற்குரிய கரைசலில், லிட்டருக்குச் சுமார் 200 கிராம் மயில்துத்தமும் 50 கிராம் கந்தகாமிலமும் இருக்கும். செப்புத் தகடு நேர்முனையிலும், பாத்திரம் எதிர்முனையிலும் இணைக்கப்படும். அசையாத கரைசலில், 100 சதுர செண்டிமீட்டர் பரப்பிற்கு 1 ஆம்பியர் அளவே ஏற்றது. கரைசல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், இதற்கு ஓரிரு வோல்ட் போதும். ஆகவே, மின்னோட்ட வரம்பு அமைந்த 12 வோல்ட் வழங்கியைத் தொட்டியுடன் இணைத்ததும் வோல்ட்மீட்டரின் அளவு சரிவது பழுதன்று, இயல்பே.

வழங்கியைச் சோதிக்கத் தொட்டியை நீக்கிவிட்டு, மோட்டார் வண்டிகளில் பயன்படும் 12 வோல்ட், 21 வாட் விளக்கொன்றை இணைத்தல் வேண்டும். இவ்விளக்கு சுமார் 1.75 ஆம்பியர் ஏற்கும். 2 ஆம்பியர் அளிக்கவல்ல வழங்கியில் அது நன்கு ஒளிர்ந்தால், வழங்கி நலமே. குறை தொட்டியின் பக்கம் உள்ளது.

தொட்டியை மீண்டும் இணைத்த பின் மின்னழுத்தம் குறையாமல், மின்னோட்டம் மட்டும் சுழியாயின், எங்கோ சுற்று அறுந்துள்ளது. கவ்விகளில் களிம்பு ஏறியிருக்கலாம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ மெருகெண்ணெய்ப் பூச்சோ எஞ்சியிருக்கலாம். மின்னோட்டம் வரம்பை எட்டி, மின்னழுத்தம் ஏறக்குறைய மறைந்துபோயின், தகடும் பாத்திரமும் ஒன்றையொன்று தொடுகின்றன எனக் கொள்ளலாம்.

விளக்கு சிறிதும் எரியாவிடில் உருகுகம்பியையும் இணைப்பு வடத்தையும் பார்க்க வேண்டும். மங்கலாக எரியின், டயோடுகளை ஐயுறலாம். நான்கு டயோடுகள் கொண்ட எளிய பால இணைப்பில் ஒன்று அறுந்துபோயின், அலையின் ஒரு பாதி மட்டுமே செல்லும். சராசரி மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகும். மாறாக, ஒரு டயோடு இரு திசையிலும் கடத்தத் தொடங்கினால் உருகுகம்பி அடிக்கடி எரிந்துபோகும். நல்ல டயோடு, ஒரு திசையில் குறைந்த தடையையும் மறுதிசையில் மிகுந்த தடையையும் காட்டும். இச்சோதனைக்காகப் பெட்டியைத் திறப்பதாயின், 230 வோல்ட் இணைப்பை முற்றிலும் நீக்கி, மின்தேக்கிகளின் மின்னேற்றம் இறங்கிய பின்னரே, பயிற்சியுடையோர் திறத்தல் வேண்டும்.

இறுதிச் சான்று தராசே. பாரடேயின் விதிப்படி 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.19 கிராம் செம்பு படியும். உலர்ந்த பாத்திரத்தை முன்னும் பின்னும் நிறுத்து, இக்கணக்குடன் ஒப்பிடலாம். எடை இதற்கு வெகுவாகக் குறைந்திருப்பின், மிகுந்த மின்னோட்டத்தால் செம்பு பொடியாகி உதிர்ந்திருக்கலாம். அன்றி அம்மீட்டரே தவறாகக் காட்டியிருக்கலாம். பாத்திரத்தின் பழைய எடையே குறைந்திருப்பின், முனைகள் மாறியுள்ளன. முலாம் ஏறவேண்டிய பாத்திரமே கரைந்துகொண்டிருக்கிறது. ஆதலின் சுற்றை மூடுமுன் முனைகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல், பின்னர்ச் செய்யும் எப்பழுதுநீக்கத்தினும் பயனுடையது.