முழு இணைவும் குறை இணைவும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், பேரருவி பொங்குமாங்கடல் என்னும் ஆழ்பள்ளத்தில் வீழ்ந்து, பின் வழிந்து இறங்குகிறது. வீழும் நீரில் பெரும்பகுதி பள்ளத்திற் கலக்கிறது. சிறுபகுதி திவலையாய்ச் சிதறி அகல்கிறது. இதனையொத்த நிகழ்ச்சி அணுக்கருக்களிடையேயும் உண்டு.

ஹீலியத்தினும் கனத்த அயனிகள் கன அயனிகள் எனப்படும். கார்பன் அணுக்கருவில் 6 புரோட்டான்கள் உள்ளன. தங்கத்தின் அணுக்கருவில் 79 உள்ளன. விரைந்து மோதும் கார்பன் கரு தங்கக் கருவில் முற்றும் கலப்பின், 85 புரோட்டான்களையுடைய அஸ்டட்டைன் கரு தோன்றும். இது முழு இணைவு. சிற்சில வேளை கார்பன் கரு நெருங்கும்போதே உடைகிறது. 2 புரோட்டான்களையுடைய ஹீலியக் கரு முன்னோக்கிப் பறந்துவிட, எஞ்சிய 4 புரோட்டான்களையுடைய பகுதியே இணைகிறது. பிறப்பது 83 உடைய பிஸ்மத். இது குறை இணைவு. இணைந்த கரு தாங்கவொண்ணாச் சுழற்சியோடு மோதுதல் இதற்கு ஒரு காரணம் என்பர். 1961இல் பிரிட், குயின்டன் என்னும் அறிஞர் இவ்வுடைவினை ஆராய்ந்து வெளியிட்டனர்.

கண்ணுக்குப் புலனாகாத இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? முழு இணைவில், வந்த கருவின் உந்தம் முழுவதும் புதிய கருவைச் சேர்கிறது. ஆதலின் அது அடுக்கிவைத்த மெல்லிய அலுமினியத் தகடுகளுள் நெடிது ஊடுருவும். குறை இணைவிற் பிறந்த கருவோ அண்மையிலேயே நின்றுவிடும். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில், 1.5 கோடி வோல்ட் அளவில் அமைந்த பெல்லட்ரான் பொறியைக்கொண்டு இத்தகைய ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. கரு சென்ற தொலைவே, அதனுட் சேர்ந்த அளவை உணர்த்தும் சான்றாகும்.