கட்டுரையில் சொற்றேர்வு

மாணவர்களே, கட்டுரைக்கு அழகு தருவது சொற்பெருக்கு அன்று, சொற்பொருத்தமே. 1842ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்ப்பாண அகராதியில் ஏறக்குறைய 58,500 சொற்கள் உள்ளன. அவற்றுள் இடத்துக்கு ஏற்ற ஒன்றைத் தெரிவதே எழுதுவோர் கடமை.

‘சிறிய பனைமரங்கள் நின்றன’ என எழுதினால், அவை இளம் பனைகளா, வளர்ச்சி குன்றியவையா என ஐயம் எழும். ‘வடலிகள் நின்றன’ என்றால் ஐயமில்லை. அவ்வாறே தென்னம்பிள்ளை, வாழைக்குட்டி, மாங்கன்று என்பன. தொல்காப்பியத்து மரபியலும் இளமைப் பெயர்களைத் தனித்தனியே வகுத்துக் கூறுகின்றது. ஆகவே, வீட்டிலே வழங்கும் சொல் என்பதற்காக ‘வடலி’யைக் கட்டுரையிலிருந்து ஒதுக்காதீர்கள். பொருளைத் துல்லியமாய் உணர்த்தும் சொல்லே சிறந்த சொல்.

பயிற்சி: குலை, கதிர், கொத்து ஆகியவற்றை வாழை, நெல், பூ என்பவற்றோடு பொருத்தி மூன்று வாக்கியங்கள் எழுதுக.