உங்கள் எடை சரிதானா?

எடை மெஷின் காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உயரமும் வயிற்றுச் சுற்றளவும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

1. காலையில் கழிப்பறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடாமல் எடை பாருங்கள். சாப்பாடும் தண்ணீரும் எடையைக் கூட்டிக் காட்டும்.

2. உயரத்தை மீட்டரில் எழுதி, அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை 18.5-ஆல் பெருக்கினால் கீழ் எல்லை. 23-ஆல் பெருக்கினால் மேல் எல்லை. 160 செ.மீ. உயரமா? 1.6 × 1.6 = 2.56. எடை சுமார் 47 முதல் 59 கிலோவுக்குள் இருக்கலாம். பல அட்டவணைகளில் மேல் எல்லைக்கு 23-க்குப் பதில் 25 என்றிருக்கும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அதே உயரமும் எடையும் உள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது.

3. மூச்சை இயல்பாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். ஒல்லியான கை கால், முன்தள்ளிய தொப்பை: நம்மிடம் மிகச் சாதாரணமான இந்த உடல்வாகை எடைக் கணக்கு காட்டிக்கொடுக்காது.

4. கர்ப்பிணிகளும் கால் வீக்கம் உள்ளவர்களும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

5. முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் இருக்கிறதா என்று உடனே பரிசோதியுங்கள்.