மகிழம்பூ வரையும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மகிழம் படத்தைப் பார்த்தேன். இலை நன்றாக வந்திருக்கிறது. ஓரத்து நெளிவு, நுனி சட்டென்று கூராவது, மினுமினுப்புக்காகத் தாளை வெறுமையாக விட்டது எல்லாம் சரி. பூவில்தான் தகராறு. காம்பின் மேல் ஒரு நட்சத்திரத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறாய். விடியற்காலையில் தரையில் பொறுக்கியதைப் பார்த்து வரைந்தாய் போலிருக்கிறது.

தரையில் கிடப்பது முழுப் பூ இல்லை, தங்கையே. உதிரும்போது அல்லிவட்டமும் அதோடு ஒட்டிய மகரந்தத் தாள்களும் மட்டும் ஒரே துண்டாகக் கழன்று விழும். புல்லிகளும் சூலகமும் மரத்திலேயே தங்கிவிடும். பிள்ளைகள் நார் கோக்கிற அந்த நடுத்துளை, சூல்தண்டு நின்ற இடம். ஆகவே கிளையில் இருக்கும்போதே பார். இலைக்கோணங்களில் தனியாகவோ சிறு கொத்தாகவோ பூ தலைகவிழ்ந்து தொங்கும். புல்லிகள் எட்டு: வெளியே நான்கு, உள்ளே நான்கு. வெளிவரிசை தடித்து, துருநிற ரோமம் போர்த்தியிருக்கும். அரும்பு பழுப்பாகத் தெரிவது அதனால்தான்.

இதழ்களை 'நிறைய' என்று தூவி விட்டிருக்கிறாய். எண்ணினால் 24 வரும். அதிலும் உண்மையான மடல்கள் எட்டுதான்; ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு ஒட்டுறுப்புகள். எட்டும் உள்ளே நிமிர்ந்து குவியும், பதினாறும் வெளியே விரியும். குவிந்த எட்டுக்குள் எட்டு மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு இடையிடையே ரோமம் மண்டிய எட்டு மலட்டுத் தாள்கள். லென்ஸ் இல்லாமல் இதில் இறங்காதே. நிறத்தை முதலில் குறித்துக்கொள். காய்ந்த பிறகும் மணம் நிற்கும், வெண்மை நிற்காது.

திருவொற்றியூர்க் கோயிலின் தலமரம் மகிழம்தான். ஆனால் அங்கே கிளை கேட்டு நிற்காதே. தெருவோர மரமே போதும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகச் சென்னை மாகாணத்தில் வரைந்த ரங்கய்யா, கோவிந்து இருவரின் படங்களைத் தேடிப் பார். 1853இல் முடிந்த வைட்டின் படத்தொகுதியில், கிளைக்குக் கீழே பூவை அறுத்துப் பிரித்த சிறு படங்கள் இருக்கும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் வைத்தார். கூலிக்கு வரைந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அதிகம் கிடைக்காத மரியாதை. நீயும் கீழே இடம் விட்டு, புல்லியோடு நிற்கும் சூலகத்தைத் தனியே வரை.

பழத்தின் அடியில் அதே புல்லிகளைக் காட்ட மறக்காதே. ஆரஞ்சு நிறமாகப் பழுத்த பிறகும் அவை ஒட்டியிருக்கும். விதையையும் திருத்த வேண்டும். நீ போட்டிருக்கும் நீண்ட பக்கவாட்டு வடு, இதே குடும்பத்துச் சப்போட்டாவுக்கு உரியது. மகிழம் விதையில் வடு அடிப்பக்கத்தில் சிறு வட்டமாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா