சுட்டும் நெஞ்சும்

‘நாளை இங்கே வா’ என்று எழுதிய தாள் ஒன்று தெருவில் கிடக்கிறது. மூன்று சொற்களும் தமிழறிந்த எவருக்கும் தெரிந்தவையே. எனினும் எந்த நாளில், எவ்விடத்திற்கு, யார் வருவது? எழுதியவரும் எழுதிய நாளும் அகன்றபின், அகராதிப்பொருள் எஞ்சி நிற்க, குறித்த பொருள் நழுவிவிடுகிறது. ‘மலை’, ‘யானை’ போன்ற சொற்களுக்கு இவ்விடர் இத்துணை இல்லை.

அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்றார் தொல்காப்பியர். இகரம் அண்மையையும் அகரம் சேய்மையையும் உகரம் இடைப்பட்டதையும் சுட்டும். தமிழகப் பேச்சில் மறைந்துவிட்ட உகரச்சுட்டு, யாழ்ப்பாணத் தமிழில் ‘உவன்’, ‘உது’ என வாழ்கிறது. அண்மையும் சேய்மையும் பேசுவோர் நிற்குமிடத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றன. அவர் சற்று விலகினால் ‘இது’ ‘அது’ ஆகிவிடும். வினைகளும் இதற்கு விலக்கல்ல. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று கிளவியாக்கம் வகுக்கிறது.

‘நாம் ஏரியைத் தூர்வாருவோம்’ என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் சொன்னால் கேட்போரும் மண்வெட்டி எடுக்க வேண்டும். ‘நாங்கள்’ என்றால் வீடு திரும்பலாம்.

இடமும் காலமும் மட்டும் போதுமா? ‘அந்த மழையில் போனதுதான் இந்தக் கரை’ என்கிறார் முதியவர். கரை கண்முன் உள்ளது. மழையைக் காட்ட விரல் எங்கும் நீளவில்லை. அருகிலிருக்கும் நண்பர் தலையசைக்கிறார். பெயரனோ ‘எந்த மழை?’ என்கிறான். நண்பரின் உள்ளத்தில் இருக்கும் மழை அவன் உள்ளத்தில் இல்லை. இவ்வகைச் சுட்டுகளை உரையாசிரியர்கள் நெஞ்சறிசுட்டு, பண்டறிசுட்டு, உலகறிசுட்டு எனப் பெயரிட்டு வழங்கினர். இவற்றுள் முதற்பெயர் தன் விளக்கத்தைத் தானே தாங்கி நிற்கிறது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் பெர்ரி 1979இல் எழுதிய கட்டுரை, இவ்வுளநிலையை ‘நான்’ என்னும் சொல்லில் ஆராய்கிறது. கடையில் சர்க்கரை சிந்திய தடத்தைக் கண்ட ஒருவர், பை கிழிந்த மனிதரைத் தேடித் தள்ளுவண்டியுடன் சுற்றுகிறார். சுற்றச்சுற்றத் தடம் தடிக்கிறதே ஒழிய, ஆள் அகப்படவில்லை. ‘சிந்துபவர் ஒருவர் இங்கே இருக்கிறார்’ என்ற எண்ணம் அவரை நடக்கவே வைத்தது. ‘சிந்துபவன் நான்’ என்ற எண்ணம் பிறந்த பிறகே, அவர் நின்று தம் வண்டியிலிருந்த பையை நிமிர்த்தினார். சிந்துபவரின் பெயரையே ஒருவர் சொல்லியிருந்தாலும், அது தம் பெயர் என்பதை அவர் மறந்திருந்தால் கை பையை நோக்கிச் சென்றிராது.