பாத்திரத்தில் ஒட்டிய பசையை நீக்குவது எப்படி?

புதிதாக வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கரைப் பிய்த்தால் தாள் மட்டும் கையோடு வரும்; பசை அங்கேயே தங்கிவிடும். பீரோவில் பிள்ளைகள் ஒட்டிய படங்களும், டின்களில் சுற்றிய டேப்பும் இப்படித்தான். இதைப் போக்கச் சிலர் கத்தியால் சுரண்டுகிறார்கள். சிலர் வண்டியிலிருந்து பெட்ரோல் எடுத்துத் துடைக்கிறார்கள். முன்னது பாத்திரத்தைக் கெடுக்கும். பின்னது உயிருக்கே ஆபத்தாக முடியும். இரண்டும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் எண்ணெயே போதும்.

தண்ணீரில் ஏன் போவதில்லை?

மைதாப் பசை தண்ணீரில் ஊறிக் கரைந்துவிடும். ஸ்டிக்கர் பசை பெரும்பாலும் ரப்பர் அல்லது அக்ரிலிக் வகையைச் சேர்ந்தது. காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும்படி செய்யப்படுவது. அதனால்தான் நாளாக ஆகத் தூசியைப் பிடித்துக் கறுத்துப் போகிறது. தண்ணீர் அதற்குள் எளிதில் புகாது, எண்ணெய் புகும். எண்ணெய் ஊறியதும் பசை இளகி, உலோகத்தைப் பிடித்திருக்கும் பிடியை விடும். சூடும் அதை இளக்கும்.

செய்முறை

1. ஸ்டிக்கர் வெளிப்பக்கம் இருந்தால், பாத்திரத்தின் உள்ளே வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரியுங்கள்.

2. தாள் மிச்சமிருந்தால் சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் பசையின் மேல் நேரடியாகப் பட வேண்டும்.

3. பசை உள்ள இடத்தை ஈரமில்லாமல் துடைத்து, தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விடுங்கள்.

4. பழைய துணியால் அழுத்தித் தேயுங்கள். பசை உருண்டு உருண்டு வரும். வராத இடத்தைக் காலாவதியான ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் தள்ளுங்கள்.

5. இன்னும் மிச்சமிருந்தால், துணியில் சில சொட்டு நீலகிரித் தைலம் விட்டுத் துடையுங்கள். இது தீப்பற்றக்கூடியது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே செய்யுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் புட்டியை வையுங்கள்.

6. கடைசியாக, பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரண்டு முறை கழுவுங்கள். வாடை முழுவதும் போன பின்பே அதில் சமைக்க வேண்டும்.

உலோகத்திற்கு உலோகம் கவனம்

எவர்சில்வர்: இது துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேலுள்ள, குரோமியம் ஆக்சைடால் ஆன மிக மெல்லிய படலம். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். இரும்புத் துகள் தங்கித் துருக்கறையும் உண்டாகும்.

அலுமினியம்: சமையல் சோடாவும் புளியும் எலுமிச்சையும் இதை அரித்து நிறத்தை மாற்றும். எண்ணெயும் சோப்பும் மட்டும் போதும்.

பித்தளை, செம்பு: புளி களிம்பைத்தான் போக்கும், பசையைப் போக்காது. முதலில் எண்ணெயால் பசையை எடுத்துவிட்டு, பிறகு புளி போட்டுத் துலக்குங்கள்.

பெயின்ட் அடித்த பீரோ, ஃப்ரிட்ஜ்: தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பசையோடு பெயின்டையும் எடுத்துவிடும். எண்ணெயையே பயன்படுத்துங்கள். ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பெட்ரோலை ஏன் தொடக்கூடாது?

பெட்ரோல் சூடுபடுத்தாமலே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். சற்றுத் தள்ளி எரியும் அடுப்போ, ஒரு சுவிட்சின் தீப்பொறியோ போதும், துடைப்பவர் கையில் இருக்கும் துணிவரை தீ வந்துவிடும். தின்னருக்கும் நெயில் பாலிஷ் ரிமூவருக்கும் இதே ஆபத்து உண்டு.

மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தண்ணீரென்று எண்ணிக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எடுக்கக்கூடாதவை

கேஸ் சிலிண்டரிலும் மிக்ஸி, கிரைண்டர் போன்ற மின்சாதனங்களிலும் உள்ள எச்சரிக்கைச் சீட்டுகளையும் மின்அளவு குறித்த சீட்டுகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். பழுது பார்ப்பவருக்கு அவை தேவைப்படும்.

ஒரே நாளில் முழுப் பசையும் போக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். மிச்சமிருந்தால் இரவில் மீண்டும் எண்ணெய் தடவி வையுங்கள். காலையில் தேய்த்தால் வந்துவிடும்.