கிட்டங்கியிலிருந்து வங்கிக்கு: எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்

வங்கியியல் பயிலும் நமக்கு ராத்சைல்டு, வார்பர்க் என்னும் ஐரோப்பியப் பெயர்களே முதலில் அறிமுகமாகின்றன. 1934இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, லண்டனில் வங்கித் தொழிலைப் புதிதாகத் தொடங்கிப் புகழ்பெற்றவர் சிக்மண்ட் வார்பர்க். அவரை அறிந்த அளவுக்கு, நமக்கு அருகிலுள்ள காரைக்குடியில் வங்கி திறந்து அதைக் கடல்கடந்து கொண்டு சென்ற ஒருவரை நாம் அறிந்திருக்கிறோமா என்பது ஐயமே. அவர்தாம் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். (சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் தாங்கியிருப்பது எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரை. அவர் வேறு, இவர் வேறு. பலரும் இங்கே குழம்புவர்.)

1908இல் பிறந்த சிதம்பரம் செட்டியார், சர் எம்.சி.டி. முத்தையா செட்டியாரின் மைந்தர். இளமையிலேயே குடும்பத் தொழில் அவர் தோளில் ஏறியது. அத்தொழில் எத்தகையது என்று தெரிந்தால்தான் அவர் செய்த மாற்றத்தின் அருமை விளங்கும்.

நகரத்தார் வட்டித்தொழிலில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிப் பர்மாவிலோ மலேயாவிலோ கிட்டங்கியில் அமர்ந்து கொடுக்கல் வாங்கலை நடத்துவார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவருக்குத் துணை. சொந்த முதல், உறவினரின் வைப்புத்தொகை, ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கிய கடன் ஆகிய மூன்றும் சேர்ந்து நெல் விளைவிக்கும் உழவனுக்குக் கடனாகப் போகும். ‘நடப்பு வட்டி’யை நகரத்தார் கூடி மாதந்தோறும் வகுத்துக்கொள்வர். நம்பிக்கைதான் இங்கே பெரும் முதல். ஆனால் கடை நொடித்தால் முதலாளியின் வீடும் நகையும் சேர்ந்து போகும். பொறுப்புக்கு எல்லையே கிடையாது.

1930ஐ ஒட்டிய பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது. உழவரால் கடனைத் திருப்ப முடியவில்லை; ஈடாக வைத்த நிலம் கைமாறியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது பெருஞ்செல்வம். வங்கியியல் கண்ணுக்கோ பெருந்தொல்லை. வைப்பாளர் வந்து பணம் கேட்டால் வயலை வெட்டியா கொடுப்பது? சொத்து இருப்பது வேறு, கையில் ரொக்கம் இருப்பது வேறு என்ற பாடத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. நம் சிறுமலை வாழைத்தோட்டக்காரருக்குப் பழமண்டியில் கொடுக்கும் முன்பணமும் இதே கணக்குத்தான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் பட்டால், கொடுத்தவர் பணமும் மண்ணோடு நின்றுவிடும். நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கசப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் அதன் விலையை நகரத்தார் கொடுத்தனர்.

இந்தச் சூழலில்தான், 1937 பிப்ரவரி 10ஆம் நாள், இருபத்தெட்டே வயதான சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். பினாங்குக் கிளை அடுத்து வந்தது. அந்நியச் செலாவணியும் வெளிநாட்டு வணிகமுமே நோக்கம் என்பதைப் பெயரே சொல்லும். பங்குதாரர்க்கு வரையறுத்த பொறுப்பு, தணிக்கை செய்த கணக்கு, எவரும் வைப்பு வைக்கலாம் என்னும் பொதுமை ஆகியவை கிட்டங்கிக்கு இல்லாதவை. வங்கி திறந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ரங்கூன் கிளை இருந்த இடத்திலேயே வெளிநாட்டுக் கிளையாயிற்று! மறு ஆண்டு திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி கதவை அடைத்தபோது, தென்னாட்டில் வங்கி என்ற சொல்லே அச்சம் தந்தது. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. இத்தனைக்கும் பிறகு, விடுதலையின்போது இவ்வங்கிக்கு இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன, வைப்புத்தொகை 6.64 கோடி ரூபாய். ஒரே நாட்டில் வேரூன்றாமல் பல துறைமுகங்களில் பரவி நின்றதே அதைக் காத்தது என்பது என் கருத்து.

யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கெனச் சென்னை மவுண்ட் ரோட்டில் வானளாவிய கட்டடம் ஒன்றை எழுப்பத் திட்டமிட்டார். 1954 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில், சிட்னியிலிருந்து லண்டன் செல்லும் விமானம் தரையிறங்கும்போது மோதித் தீப்பற்றியது. மாண்ட 33 பேரில் அவரும் ஒருவர். வயது நாற்பத்தைந்து.

1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. கட்டடம் 1959இல் எல்.ஐ.சி.யின் பெயரில் திறக்கப்பட்டது. பட்டணம் பார்க்கப் போனவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்த பதினான்கு மாடி அதுவே. 1963இல் பர்மா அரசு ரங்கூன் கிளையை எடுத்துக்கொண்டது. 1969 ஜூலையில் வங்கியே நாட்டுடைமையாயிற்று. அப்போது உள்நாட்டுக் கிளைகள் 195. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிக்கு மலேசியச் சட்டத்தில் இடமில்லாததால், 1973இல் அங்கிருந்த ஐந்து கிளைகளும் கைவிடப்பட்டன.